அறுபத்திநாலு காலு

அட, நீங்க எதுக்குண்ணே நகர்றீங்க, நானே அந்த ஓரத்துக்குப் போயிடறேன். லாயத்துல வேலை. குளிச்சிட்டுத்தான் வந்தேன், ஆனா குதிரை வாடை அவ்வளவு சீக்கிரம் விடாது. வரலையா? சும்மா மரியாதைக்குச் சொல்றீங்க. பையை வைக்கிறதுக்கா நகர்ந்தீங்க? சரி சரி.

அந்தக் கதவு இப்ப தொறந்துச்சா? இல்லையா. உள்ள என் வீட்டுக்காரி. கால்ல ஆபரேஷன். ரெண்டு விரலை எடுக்கிறதோட நின்னுட்டா நல்லது, தொறந்து பார்த்தாத்தான் தெரியும், கணுக்கால் வரைக்கும் போனாலும் போகும்னு டாக்டர் சொல்றாரு. ஒன்பது மணிக்குக் கொண்டு போனாங்க. மணி என்ன? பத்தேகாலா? அப்பக் கேட்டப்பவும் பத்தேகால்னுதானே சொன்னீங்க?

வேலைன்னா குளம்பு பார்க்கிறதுதான். பதினாறு குதிரை, அறுபத்திநாலு காலு. தினம் காலைல ஒண்ணொண்ணா தூக்கி வச்சு, கொக்கியால மண்ணு, சாணி எல்லாம் நோண்டி எடுக்கணும். குளம்புக்கு அடியில நடுவுல முக்கோணமா ரப்பர் மாதிரி ஒரு சதை இருக்கும். ரெண்டு பக்கமும் பள்ளம். ஈரம் அங்கதான் தங்கும். கவனிக்காம விட்டா அழுகிடும். கறுப்பா, கசகசன்னு வரும். நாத்தம்னா நாத்தம், அப்படியொரு நாத்தம்.

வைத்தியமா? பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. அழுகினதைச் சீவி எடுக்கணும். அதை லாடம் அடிக்கிறவரு பார்த்துப்பாரு, நாம கண்டபடி சீவினா ரத்தம் வந்துடும். அப்புறம் கழுவி, ஈரம் போகத் தொடச்சு, பஞ்சை அயோடின்ல நனைச்சுப் பள்ளத்துல வைக்கணும். ஆனா கீழ வைக்கோல் ஈரமாவே கெடந்தா எந்த மருந்தும் நிக்காதுண்ணே. மூத்திரம் பட்டதை அன்னன்னைக்கே அள்ளிடணும். குதிரையை நடக்க விடணும். தினம் தூக்கிப் பார்க்கணும். தூக்கிப் பார்த்தாலே பாதி வியாதி வராது.

உக்கார முடியல, நின்னுக்கிறேன்.

மகாராணின்னு ஒருத்தி இருக்கா, காலைத் தொட்டா உதைப்பா. அவளுக்கு இது வந்தப்ப யாருக்கும் தெரியல, நொண்டவே இல்லையே. நான் வாசல்ல நின்னே சொன்னேன், மூணாவது கொட்டில்னு. தூக்கிப் பார்த்தா அதேதான். அதுலேருந்து குதிரை டாக்டர் உள்ள வந்ததும் மூக்கு எங்கய்யான்னுதான் கேப்பாரு. நான்தான் மூக்கு.

கதவா? யாரோ தண்ணி கொண்டு போறாங்க.

இவளுக்கு என்னைப் பார்த்தா கிண்டல். கண்ட குதிரை காலெல்லாம் பிடிக்கிறீங்க, கட்டினவ காலை ஒரு நாளாச்சும் பிடிச்சிருக்கீங்களாம்பா. நீயும் உதைப்பியேம்பேன். பத்து வருஷமா சர்க்கரை இருக்கு அவளுக்கு. பாதத்துல உணர்ச்சி கம்மி. காலு சில்லுன்னு இருக்குன்னு எந்நேரமும் காலுறை.

ஒரு மாசமா வீட்டுக்குள்ள அந்த வாடைண்ணே. அதே வாடை, எனக்குத் தெரியாதா? லாயத்தை வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றோமேன்னு எனக்கு ஒரே கூச்சம். பூட்ஸை வெளியில விட்டேன். சட்டையைத் தனியா ஊற வச்சேன். நகத்துக்குள்ள எல்லாம் பிரஷ் போட்டுத் தேச்சேன். அவளும் மூக்கைப் பொத்திக்கிட்டு, இன்னும் போகலை, இன்னொரு தடவை குளிங்கன்னு வெரட்டுவா. நானும் போய்க் குளிப்பேன். முந்தாநாள் காய்ச்சல்னு இங்க கூட்டிட்டு வந்தேன், நர்ஸம்மா காலுறையைக் கழட்டினாங்க.

ஒரு மாசமா பழகிப்போச்சு, பக்கத்துல யாரு நகர்ந்தாலும் என்னாலதான்னு தோணுது. நீங்க நெசமாத்தான் சொன்னீங்க, என் மேல வாடை இல்ல. நேத்து அவளுக்குத் துணி எடுக்க லாயத்துலேருந்து நேரா வீட்டுக்குப் போனேன். குளிக்கல. பூட்ஸோடவே உள்ள போனேன். அவ படுக்குற ரூம்ல நின்னு நல்லா மோந்து பார்த்தேண்ணே.

ஒரு வாடையும் இல்ல.