மனுஷன் மாறுவான்

— பாத்துக் கை வைங்கண்ணே. கதவுல ரத்தம் இருக்கு. நேத்தே துடைச்சேன், கீல் இடுக்குல துணி போகல.

— அடப்பாவமே! உன்னோடதா தங்கச்சி?

— என் தலைமுடியைப் பிடிச்சு நிலைக்கட்டையில ரெண்டு இடி இடிச்சான் என் புருஷன். பாப்பா குறுக்க வந்தா. அவ கையை இடுக்குல வெச்சுக் கதவை அறைஞ்சு சாத்தினான். மூணு விரலுக்குக் கட்டு போட்டிருக்கு.

— கோவக்காரன். ஆனா மனுஷன் மாறுவான். நம்பிக்கையை மட்டும் விட்டுடாத. அந்தத் திருப்புளியை இப்படித் தள்ளு.

— பழைய பூட்டைக் கழட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க. அந்த வார்த்தையை மட்டும் என் காதுல போடாதீங்க.

— எந்த வார்த்தை? நம்பிக்கையா?

— அதேதான். மொதல்ல எங்கம்மா சொன்னா. கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகல, கன்னம் வீங்கிப் போய் நின்னேன். ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும், நம்பிக்கையா இருன்னா. குழந்தை வயித்துல இருக்கும்போதே மிதிச்சான். தையல் போட்ட டாக்டர் அதையே சொன்னார். போலீஸ் ஸ்டேஷன்ல புகாரை வாங்கிக்கல, அதைச் சொல்லி அனுப்பிட்டாங்க. அடி வாங்குறவளுக்குத்தான் எல்லாரும் அந்த வார்த்தையை அள்ளிக் குடுக்கறாங்க.

— அப்ப அதுக்கு என்னதான் அர்த்தம்ங்கற?

— இன்னும் கொஞ்சம் அடி வாங்கிக்கோ, எங்களைத் தொந்தரவு பண்ணாத. அவ்வளவுதான்.

— ரொம்பக் கசந்து பேசற. நானும் ஒரு காலத்துல குடிச்சிட்டு வந்து பொண்டாட்டியைப் போட்டு மொத்தினவன்தான். இன்னிக்குக் காலையில அவளுக்கு நான்தான் காபி போட்டுக் குடுத்தேன். யாரோ ஒருத்தர் என்னை நம்பினார், மாறினேன்.

— அண்ணிக்கு இப்பக் காது நல்லாக் கேக்குதா?

— ஒரு பக்கம் கேக்குது.

— பூட்டைப் பாருங்கண்ணே.

— பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

— அவன் உள்ள வராம இருக்க மாட்டற மூணாவது பூட்டு இது. நீங்க மாட்டிட்டுப் போற ஒவ்வொரு தடவையும் மாமியார் வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளை மாதிரி சாவகாசமா உள்ள வர்றான். கதவுல ஒரு கீறல் கிடையாது. ஜன்னல் கம்பி அப்படியே இருக்கு. இத்துப்போன பூட்டையா எனக்கு மாட்டறீங்க?

— என் பூட்டைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும், ஆமா! கள்ளச்சாவி போட்டா உள்ளேயே கவ்விப் பிடிச்சுக்கும். எவனாலயும் திறக்க முடியாது.

— அப்ப அவன் எப்படித் திறக்கறான்? நான் சாவியைக் கழுத்துல கோத்துக்கிட்டுத் தூங்கறேன். பாப்பாகிட்டகூடக் குடுக்கறதில்ல. அடுத்த தடவை வந்தா ரெண்டு பேரையும் உசுரோட விடமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்.

— கோவத்துல சொல்றதுதான். இந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடி.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே.

— முடிஞ்சுது. சுத்திப் பாரு, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது. இந்தா சாவி.

— ரெண்டுதான் இருக்கு. டப்பா மேல மூணுன்னு போட்டிருக்கே?

— இருக்கிறது நீயும் பாப்பாவும். ரெண்டு போதாதா?

— உள்பக்கம் தாழ்ப்பாள் போடச் சொன்னேனே, அது எங்க?

— அது... கடையில வெச்சிட்டு வந்துட்டேன். நாளைக்குப் போட்டுடலாம்.

— யாரோ படியேறி வர்றாங்க. இது அவன் செருப்புச் சத்தம். பாப்பா, பாத்ரூமுக்குள்ள ஓடு! தாழ் போட்டுக்கோ! அண்ணே, மூணாவது சாவி எங்க? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க, எங்க?

— பதறாத தங்கச்சி. கீழே என் காலைக் கட்டிக்கிட்டு அழுதான்மா. போன ரெண்டு தடவை சாவி வாங்கும்போதுகூட இப்படி அழல. இந்தத் தடவை கண்டிப்பா மாறிடுவான்.