நின்ற வண்டியில் ஏறியவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் என் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்!

முப்பத்திரண்டு ஆண்டுகள் மின்சார ரயிலில் வறுகடலை விற்ற நம் மூத்த உறுப்பினர், நம் கடலை அண்ணன், இன்று நம்மிடையே இல்லை. நான் அழுதுகொண்டே பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னித்துவிடுங்கள். அழுகையைவிட எனக்கு நிம்மதிதான் அதிகம்.

நம் தொழில் என்ன தொழில்? ஒரு பெட்டியில் விற்று இறங்கி, வண்டி நகர நகர அடுத்த பெட்டிக்குத் தாவுகிற தொழில். ஒரு கையில் கூடை, மறு கையில் கம்பி! அந்தத் தாவலில் அண்ணன் மன்னன். அவர் கால் படாத பெட்டி உண்டா? அவர் குரலில் தூக்கம் கலையாத பயணி உண்டா?

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, தண்டவாளத்து ஓரம் அவர் கூடை கவிழ்ந்து கிடந்தது. அதே சிவப்புத் துணி, அண்ணி போடும் அதே இரட்டை முடிச்சு. தேநீர் விற்கும் அவசரக்குடுக்கை நான், அக்கம்பக்கத்தில் அவரைத் தேடிப் பார்த்தேனா? நேரே அவர் வீட்டுக்கு ஓடினேன். "அண்ணி, அண்ணன் போயிட்டாரு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணனே நடந்து வந்தார்! கூடை நழுவியதும், கம்பியில் தொங்கியபடியே அடுத்த நிலையம் வரை போயிருக்கிறார். உள்ளங்கையில் தோலே இல்லை. "ஏன்டா, கூடை விழுந்தா ஆளும் விழுந்துட்டான்னு அர்த்தமா?" என்று சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. "இன்னைக்கு விழல. நாளைக்கு?" என்றார்.

அன்று அண்ணன் வாக்குக் கொடுத்தார், நகரும் வண்டியில் இனி ஏறுவதில்லை என்று. வியாபாரம் பாதியானது. "தொரைக்கு வண்டி நின்னாதான் கால் எழும்பும்" என்று கேலி செய்தோம். நானும்தான். அவர் நடைமேடையில் நின்றபடி சொல்வார்: "வண்டி போனா வண்டி வரும்டா. ஆளு போனா?"

அடுத்த ஆண்டே நம் முறுக்குக்காரர் நகரும் வண்டியில் தாவி விழுந்து ஒரு காலை இழந்தார். கேலி அன்றோடு நின்றது. 'நான்தான் சொன்னேனே' என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாரா? மருத்துவமனையில் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அவர் வாக்கைச் சங்கத்தின் விதியாக்கினோம். பத்து ஆண்டுகளாக நம்மில் ஒருவரும் விழவில்லை!

சென்ற வியாழன் மதியம் அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இந்தத் தடவை நானே சொல்ல வந்தேன் தம்பி. சாப்பிட்டாரு, கையக் கழுவுனாரு, கட்டில்ல படுத்தாரு. எழுந்திருக்கல. கை கால் முழுசா, வீட்லயே போனாரு."

சொல்லி முடித்துத்தான் அழுதார். எனக்கோ, பதினோரு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

தோழர்களே! அண்ணன் காத்த வாக்கை நாமும் காப்போம். இதோ, ஐந்து மணி பத்து நிமிட வண்டி வருகிற சத்தம் கேட்கிறது. பின்வரிசையில் மூன்று பேர் கூடையை எடுக்க எழுந்துவிட்டீர்கள், நான் பார்த்துவிட்டேன். ஓட வேண்டாம், உட்காருங்கள்.

அது போகட்டும். அடுத்தது வரும்.