பனிக்கடியில் ஒரு மூடி

"ஹலோ... ஹலோ, தோர்பின்? நான் குன்வோர்... உன் அக்காடா! உனக்கு எத்தனை குன்வோரைத் தெரியும்?... ஆமா, ஆமா, நாம பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. வெச்சிடாதே! செப்டிக் டேங்க் பொங்குதுடா!"

மே மாதம் பிறந்தும், மலைகளுக்கிடையே கடல் நுழைந்த அந்த ஃபியோர்டுக் கரையில் இடுப்பளவு பனி. வீடு நிறையக் கணவன் ஸ்டைனாரின் உறவுக்கூட்டம். மகள் யோருனுக்கு நாளை மாதா கோயிலில் திடப்படுத்தல் சடங்கு. விருந்துக்கு நாற்பது பேர். முற்றத்தில் கழிவு லாரி, படகுக்கு நேரமாகிறதென்று உறுமிக்கொண்டிருந்தது. டேங்கின் மூடி எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதைப் புதைத்தவன் தம்பி. இடத்தைக் குறித்துவைத்த கையடக்க ஜி.பி.எஸ். மட்டும் அவள் கையில்.

"மூணு குழி வெட்டிட்டேன்... மூணாவதுல அடுத்த வீட்டுக்காரரோட ருபார்ப் செடி வந்துச்சு... சிரிக்காதே!... திரையிலயா? ஒன்பது மீட்டர் தப்பு வரலாம்னு போட்டிருக்கு... திருத்தமா? எதை?... ம்... ம்... நீ திருத்தத்தோட குறிச்சே, நான் திருத்தம் இல்லாம தேடுறேன். அதான் உருப்படல. சரி... தப்பு எவ்வளவுன்னு சொல்றதுக்குன்னே வானத்துல தனியா ஒரு செயற்கைக்கோளா? உன்னை மாதிரின்னு சொல்லு! அப்பா அடக்கத்துல நான் பேசிட்டிருக்கேன், நடுக்கோயில்ல எழுந்து 'வருஷம் தப்பு'ன்னு கத்தினியே... சரி, அதை விடு. திருத்தத்தைப் போட்டுட்டேன். ஒண்ணும் வரல... தெற்கேயா? தெற்கே மாட்டுக்கொட்டகைதான் மறைக்குது... அவ்வளவு தாழ்வாவா நிக்குது அந்தக் கோள்?... டேய், எருக்குவியல் மேல ஏறச் சொல்றியா?"

கையூன்றி ஏறினாள். முழங்கால்வரை எருவில் புதைந்தாள்.

"வந்துட்டேன். கடல் தெரியுது... இல்ல... இல்ல... இரு! ரெண்டு மீட்டர்! ரெண்டுன்னு காட்டுது!... எவ்வளவு நேரம் தாங்கும்?... சில நிமிஷம்தானா? ஓடுறேன்! ஹால்டோர், லாரியை எடுக்காதீங்க! அடுத்த படகுல போங்க!... உன்னை இல்லடா, டிரைவரை... ஏ, உள்ளே யாரு? தண்ணி ஊத்தாதீங்க!"

இரும்புக் கம்பியைப் பனியில் குத்தினாள். மண். மறுபடி மண். ஓரடி தள்ளி மூன்றாவது குத்து. 'டங்' என்றது.

"கேட்டுச்சா?... கேட்டுச்சா தோர்பின்! கிடைச்சிடுச்சு!... ஆமா, ஆமா, நீ கெட்டிக்காரன்தான்... என்னது? நாளைக்கு நீயும் வரலாமாவா?"

கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதையெல்லாம் கேக்கணுமாடா... யோருன் உனக்கும் சேத்துத் தட்டு வெச்சிருக்கா. நான் ரெண்டு தடவை எடுத்துட்டேன். அவ திரும்பக் கொண்டுவந்து வெக்கிறா... ம்... ம்... அழறியா?... சரி சரி, ஜலதோஷம்தான்... இல்ல, இனிமே எடுக்க மாட்டேன்... ஐயய்யோ, டிரைவர் மூடியைத் திறந்துட்டாரு! என்னா நாத்தம்! காலைல முதல் படகைப் பிடி... என்ன? கேக்கல! என்ன?"

குழாய் உறிஞ்சத் தொடங்கிய இரைச்சலில் தம்பியின் குரல் அமுங்கிப்போனது. "வந்து சேருடா!" என்று கத்திவிட்டு, எரு அப்பிய கையால் போனை அணைத்தாள்.