கொள்கைக் குன்றின் வாசக்கதவு

நெடுஞ்செழியன்: முப்பது வருஷப் பொது வாழ்க்கை, காந்திமதி. இந்த நெடுஞ்செழியனும் சரி, இவன் வீட்டுக் கதவும் சரி, எவனுக்கும் வளைஞ்சு கொடுத்ததா சரித்திரமே கிடையாது!

காந்திமதி: வளைய வேணாங்க. திறந்தா போதும்.

நெடுஞ்செழியன்: திறக்கும். மழைக்குக் கொஞ்சம் ஊதியிருக்குது, அவ்ளோதான்.

காந்திமதி: காலையில இருந்து இழுத்துக்கினு இருக்கேன். கைப்பிடிதான் கையோட வரும் போல.

நெடுஞ்செழியன்: சேர்ந்து இழுப்போம். நீ கைப்பிடியைப் புடி, நான் உன்னைப் புடிக்கிறேன்.

காந்திமதி: நீங்க கைப்பிடியைப் புடிங்க. பாதியில என்னை விட்டுட்டுப் போன் பேசப் போயிடுவீங்க.

நெடுஞ்செழியன்: சரி... ஒண்ணு... ரெண்டு... இரு இரு, போன் அடிக்குது.

காந்திமதி: சொன்னேன்ல?

நெடுஞ்செழியன்: வணக்கம்ணே!... ஆமாண்ணே!... அப்படியாண்ணே!... வாங்கண்ணே!... காந்தி, பெரியசாமி அண்ணன் விக்கிரவாண்டி தாண்டிட்டாராம்!

காந்திமதி: இப்பத்தான் திண்டிவனத்துல கிளம்பினாருன்னீங்க?

நெடுஞ்செழியன்: மாவட்டப் பொறுப்பாளர் காரு அது. டவுன் பஸ்ஸு மாதிரி நின்னு நின்னா வரும்? நான் கதவைத் திறந்துக்கினு கம்பீரமா வெளிய வரணுமாம், அதை வீடியோ எடுக்கணுமாம். அப்புறம் சால்வை. ‘கொள்கைக் குன்று’ன்னு பட்டம். அதோட நகரச் செயலாளர் பொறுப்பு. இதுக்குத்தானே செருப்பு தேய அலைஞ்சேன்!

காந்திமதி: குன்று உள்ளயே மாட்டிக்கினா சால்வையைச் சன்னல் வழியாத்தான் போத்தணும்.

நெடுஞ்செழியன்: கேலி அப்புறம். இழு!

காந்திமதி: இழுக்கறேன்... இன்னும்... அய்யய்யோ! ஏங்க? உழுந்துட்டீங்களா?

நெடுஞ்செழியன்: இல்ல. உக்காந்தேன்.

காந்திமதி: கதவு திறந்துக்கிச்சி. சாத்தினா மறுபடியும் புடிக்கும். இருங்க, பக்கத்து வீட்டுப் பாஞ்சாலிகிட்ட இழைப்புளி வாங்கியாந்து வச்சிருக்கேன். ஓரத்தைக் கொஞ்சம் இழைச்சிட்டா ஆச்சி.

நெடுஞ்செழியன்: இழைக்கிறதா? வேணாம் வேணாம்! மரத்துக்கு வலிக்கும்.

காந்திமதி: ஒரு வாரமா ஆசாரியையும் வேணான்னீங்க. இழைப்புளியும் வேணான்னா எப்படி? தள்ளுங்க... பாருங்க, சுருள் சுருளா வருது. இதென்ன, மரமே வரல. வெறும் பெயிண்டா வருது!

நெடுஞ்செழியன்: மெதுவா... மேலாக்க...

காந்திமதி: ஊதா. இது நீங்க இப்ப இருக்கிற கட்சிக் கலரு.

நெடுஞ்செழியன்: போதும், நிறுத்திடு.

காந்திமதி: அடியில மஞ்சள். நம்ம பொண்ணு அருணா கல்யாணத்துக்கு மண்டபம் சும்மா கெடச்சுதே, அந்தக் கட்சி.

நெடுஞ்செழியன்: அது கொள்கை உடன்பாடு.

காந்திமதி: அதுக்கடியில பச்சை. தெருவுக்குத் தண்ணி பைப்பு போட்டாங்களே, அப்ப.

நெடுஞ்செழியன்: மக்கள் நலனுக்காக எடுத்த முடிவு அது.

காந்திமதி: பைப்பு நம்ம வீட்டோட நின்னுபோச்சே?

நெடுஞ்செழியன்: நாமளும் மக்கள்தானே காந்தி!

காந்திமதி: ஆரஞ்சு... அப்புறம் இதென்ன, வெள்ளை?

நெடுஞ்செழியன்: அது... நான் நடுநிலை வகிச்ச காலம்.

காந்திமதி: அந்த ரெண்டு வாரமா? டைபாய்டு வந்து படுத்திருந்தீங்களே!

நெடுஞ்செழியன்: படுத்துக்கினே வகிச்சேன்.

காந்திமதி: ஒவ்வொரு தடவையும் பழசைச் சொரண்டிட்டுப் புதுசு அடிச்சிருந்தா கதவு இப்படித் தடிச்சிருக்குமா?

நெடுஞ்செழியன்: சொரண்டினா பழைய ஆளுங்க மனசு புண்படாதா? மேலாக்க அடிச்சா மரியாதையா இருக்கும்.

காந்திமதி: தேவைப்பட்டா திரும்பப் போய்க்கலாம்னு வச்சிருந்தீங்க. ஆங், இப்ப பாருங்க. ஒரு விரல்ல தள்ளினா போவுது, வருது.

நெடுஞ்செழியன்: அடிப்பாவி! ஓரம் முழுக்க பட்டை பட்டையா தெரியுதே! என் மொத்தப் பொது வாழ்க்கையும் வரிசையா நிக்குதே!

காந்திமதி: சாத்தியே வச்சிருந்தா தெரியாது.

நெடுஞ்செழியன்: திறக்கிறதைத்தானே எடுக்கப் போறாங்க! ஊதா டப்பா எங்க? ஜல்தி!

காந்திமதி: காஞ்சி கல்லாயிடுச்சி. வெளிய காரு சத்தம் கேக்குதுங்க...

நெடுஞ்செழியன்: போச்சி. பொறுப்பு போச்சி. அந்தத் துண்டைக் குடு... ஓரத்து மேல போடறேன்... வாங்கண்ணே! வாங்க வாங்க!

பெரியசாமி: வணக்கம் நெடுஞ்செழியன். வணக்கம்மா. இதென்ன, கதவுக்குத் துண்டு போட்டிருக்கீங்க?

நெடுஞ்செழியன்: கட்சித் துண்டுண்ணே. கதவுக்கும் உணர்வு உண்டு பாருங்க.

பெரியசாமி: கொஞ்சம் எடுங்க.

நெடுஞ்செழியன்: பெயிண்டு ஈரமா இருக்குதுண்ணே...

பெரியசாமி: எடுங்கன்னேன்... ம்ம்... இதை யாரு இழைச்சது?

நெடுஞ்செழியன்: இவதாண்ணே! சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் கீழ உக்காந்திருந்தேன்.

காந்திமதி: ஆமாங்க, உக்காந்துதான் இருந்தாரு.

பெரியசாமி: வீடியோ தம்பி, நீ காருகிட்டயே இருப்பா. கூப்பிடறேன்... ஊதா. மஞ்சள். பச்சை. ஆரஞ்சு...

நெடுஞ்செழியன்: அண்ணே, அது வந்து... அந்தக் காலத்து சூழ்நிலை...

பெரியசாமி: சாத்துங்க. ம்ம். திறங்க... அடடா, சத்தமே இல்லாம வருதே!

நெடுஞ்செழியன்: நாந்தாண்ணே இழைச்சேன்.

காந்திமதி: இப்ப நீங்களா?

பெரியசாமி: யாரா இருந்தா என்னம்மா, வேலை சுத்தமா இருக்குது. உங்களுதுல ஆரஞ்சு ஒரு தடவைதான் வருதா?

நெடுஞ்செழியன்: ஒரே தடவைதாண்ணே! சத்தியமா!

பெரியசாமி: எங்க வீட்டுல ரெண்டு தடவை வரும்.

நெடுஞ்செழியன்: ...அண்ணே?

பெரியசாமி: பயப்படாதீங்க. பட்டமும் உங்களுக்குத்தான், பொறுப்பும் உங்களுக்குத்தான். வீடியோவை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னு எடுக்கச் சொல்றேன். அம்மா, அந்த இழைப்புளி ஒரு நாளைக்கு இரவல் கெடைக்குமா?

காந்திமதி: பாஞ்சாலியைக் கேட்டுட்டுத் தர்றேங்க. ஏன், உங்க வீட்டுக் கதவும் புடிக்குதா?

பெரியசாமி: தேர்தல் முடிஞ்சு ஊதா அடிச்சதுல இருந்து திறக்கலம்மா. நாங்க மாட்டுக்கொட்டாய் வழியாத்தான் போய்க்கினு வர்றோம்.