கச்சிதமாக ஒத்துப்போன எழுபது பிள்ளைகள்

ஊர்த் தலைவர் அவர்களே, பாதிரியார் அவர்களே, ஒரு கையில் காபியும் மறு கையில் கைக்குட்டையுமாக அமர்ந்திருக்கும் லுமாய் தீவுத் தாய்மார்களே!

இந்தத் தீவின் மகள், கண் டாக்டர் பெர்லா மக்பானுவா மறைந்துவிட்டார். மறைந்தாரா? இலோய்லோ நகரத்தில் ஒரு கொசுகூட அவரிடம் பவர் பார்க்காமல் பறந்ததில்லையே! பதினெட்டு ஆண்டுகள் அவருக்குக் கண்ணாடி தேய்த்துக் கொடுத்தவன் நான்.

போன மாதம் நம் பள்ளிக்கூடத்தில் ஒரு கைக் கருவியைச் சோதித்தோமே! கண்ணுக்கு நேரே பிடித்தால் மூன்று நொடியில் பவர் சொல்லும். சரிபார்க்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் சொட்டு மருந்து விட்டு, அரை மணி காத்திருந்து, கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு டாக்டரும் அளப்பார். இருநூறு பிள்ளைகள்! முதல் நாளே கருவியின் குட்டு வெளிப்பட்டது. அடுத்த தீவில் ஆடு அசைபோடுவதை எண்ணிச் சொல்லும் பையனுக்கே சோடாபுட்டிக் கண்ணாடி எழுதியது!

கடைசி நாள் டாக்டருக்குக் காய்ச்சல். "மிச்சம் எழுபது பேர நீங்க பாத்துருவீங்களா அண்ணே?"

"கவலய விடுங்க டாக்டரம்மா!"

மதியம் படகு. யாரையும் அளக்காமல், கருவி சொன்ன எண்களையே அளவுத் தாளில் டாக்டரின் கட்டத்திலும் எழுதிவிட்டு ஏறிவிட்டேன்.

ஆம், பெருமக்களே. எழுதிவிட்டேன்.

தாளைப் பார்த்த டாக்டர் கேட்டார்: "நூத்தி முப்பது பேருக்கு முட்டிக்கிட்ட மெஷினு, இந்த எழுபதுக்கு மட்டும் எப்படிண்ணே புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒத்துப்போகுது?"

"எந்த வீட்ல ஒத்துப்போறாங்க?" என்று மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

"திங்கக்கெழம போயி திரும்ப அளப்போம்."

ஞாயிற்றுக்கிழமை அவர் நெஞ்சு நின்றுவிட்டது.

இப்போது அந்தத் தாள் அவருக்குப் பதிலாக என் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. போட்டால் எழுபது பிள்ளைகளுக்குப் பொய்க் கண்ணாடி. போடாவிட்டால் நான் பொய்யன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஐந்து நாளாக, கூண்டுக்குள் விழுந்த நண்டுபோல் சுற்றுகிறேன். இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டுப் படகேறலாம் என்று வந்தேன். புயல் கொடி ஏற்றிப் படகுகளைக் கட்டிவிட்டார்கள்! எங்கே ஓடுவேன்? முன் வரிசை முழுக்க நீங்கள்!

நெனித்தா அம்மா, ஏன் எழுந்துவிட்டாய்? "எம்பொண்ணும் அந்த எழுபதுலயா?" என்றா கேட்கிறாய்? ஆமாம் தாயே. அவளும்தான்.

டாக்டர் பெர்லா அவர்களே! அடக்கம் முடிந்த மறுநாள் காலை, சொட்டு மருந்தோடு பள்ளிக்கூடத்தில் உட்காருவேன். பிள்ளைக்கு அரை மணி. எழுபதும் முடியும்வரை, ஊராரே, என்னைப் படகில் ஏற்றாதீர்கள். கெஞ்சினாலும் ஏற்றாதீர்கள்.

கெஞ்சுவேன். எனக்கு என்னைத் தெரியும்.