வெள்ளைக்காரன் திருடிய பாட்டு

பர்மாவில், லத்தாவிலிருந்து தாகேதா போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் வயதான தமிழ்த் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநரின் ரேடியோவில் ஆதிகாலத்து ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்று ஆங்கிலத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, கல்யாணத்துக்கு முந்தி நீங்க எனக்குன்னு கட்டின பாட்டை இந்த வெள்ளைக்காரன் திருடிட்டான்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"மெட்டு அவனுதுதான். நான் காப்பி பாட்டு பண்ணேன். இந்த ஊருல எல்லாரும் பண்றதுதானே? மெட்டு அங்கேருந்து வரும், வார்த்தையை நாம போட்டுக்குவோம்."

"அப்ப வார்த்தை உங்களுது."

பதில் வருவதற்குள் ரேடியோவில் அதே மெட்டு பர்மிய மொழியில் தொடங்கிவிட்டது. அம்மாள் நாலு வரி காது கொடுத்துக் கேட்டார்.

"இதுலயும் சைக்கிள் வருது, மழை வருது. பாலம்கூட வருதே!"

"பர்மாக்காரன் பாட்டைத்தான் தமிழ்ல மாத்தினேன்."

"நீங்களா போட்டது எது?"

"உன் பேரு. ரோசின்னு போட்டது நான்தான், சத்தியமா!"

"தெரியும். அந்த இடத்துல முதல்ல எலிசபெத்துன்னு போட்டு எங்க அக்காகிட்ட பாடினீங்க. அவ ஜன்னலைச் சாத்தினதும் என் ஜன்னலுக்கு வந்தீங்க."

பஸ் பாலத்தில் ஏறியதும் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"எலிசபெத்து அந்த மெட்டுல உட்காரவே இல்ல," என்றார். "உன் பேருதான் கச்சிதமா உட்கார்ந்துச்சு."