கரண்டு போன காரணம்

சோமனூரிலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு தறிக்காரத் தம்பதி. பிரைவேட்டாகப் பத்தாவது எழுதி, தமிழில் கோட்டைவிட்டு, மறுபடி எழுதப் போகும் மனைவியிடம் கணவர் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார்.

"தற்குறிப்பேற்ற அணின்னா?"

"தானா நடக்கற ஒண்ணுக்கு நாமளா ஒரு காரணத்தை ஏத்திச் சொல்றதுங்க."

"உதாரணஞ் சொல்லு கண்ணு."

"நேத்து மத்தியானம் கரண்டு போயி நாலு தறியும் நின்னுச்சில்லீங்க? 'போயிப் படி அம்மணி'ன்னு சொல்லத்தான் அதுக நின்னுச்சுங்க."

கணவர் பக்கத்தைப் புரட்டினார்.

"ஏனுங்க, தப்புங்களா?"

"தப்புத்தான். கரண்டு தானாப் போகலை. நாந்தான் பீஸைப் புடுங்கி வெச்சேன்."

அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீலாம்பூர் தாண்டிய பிறகுதான், "அடுத்தது கேளுங்க" என்றார்.